தீர்ப்பு சொன்னவரும் குடை பிடித்தவரும்

கோடை விடுமுறைக்கு அண்ணன் மகன்கள் இருவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் மகள் ஏழாம் வகுப்பு முடித்தவள். ஓர் இரவு சாப்பாடு முடிந்ததும், இன்றைக்கு நான் சொல்கிற படம்தான் என்று ‘நாட்டாமை’யைப் போட்டேன். அவர்கள் வயதில் நான் பார்த்துக் கொண்டாடிய படம். 1994 தீபாவளிக்கு வந்தது. கே.எஸ். ரவிக்குமார் இயக்கம், கதை ஈரோடு சௌந்தர், அண்ணன் தம்பி இரண்டு வேடத்திலும் சரத்குமார். அப்போது எங்கள் ஊரில் அதை ஒரு தடவை மட்டும் பார்த்தவர் யாருமில்லை.

பிள்ளைகளுக்கும் படம் புதிதில்லை. ஓரமாக உட்கார்ந்து மிக்சர் தின்னும் ஆளைத் தெரிகிறது. தீர்ப்பை மாற்றிச் சொல்லும்படி கத்தும் பொன்னம்பலத்தைத் தெரிகிறது. எல்லாம் மீம் வழியாக வந்த பழக்கம். அந்தக் கத்தல் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். வந்தது. மூவரும் கூடவே கத்திச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சின்னவன் கேட்டான்: "எதுக்கு மாத்தச் சொல்றான்?"

எதற்கு என்றால், அவன் ஓர் ஏழைப் பெண்ணைப் பலாத்காரம் செய்துவிட்டான். ஊர் கூடுகிறது. விஜயகுமார் நடித்த பெரிய நாட்டாமை, தன் சொந்தத் தங்கை மகன் என்றும் பாராமல் தீர்ப்புச் சொல்கிறார்: அவளை அவனே கட்டிக்கொள்ள வேண்டும். இதைத்தான் அவன் மாற்றச் சொல்கிறான். நீதி தவறாத குடும்பத்துக்குப் படம் காட்டும் முதல் சான்று இது. கொட்டகையில் இதற்கு விசில் பறந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் கை தட்டியிருக்கிறேன்.

மகள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "ஏம்மா, அந்தக்காகிட்ட ஒருத்தரும் கேக்கவேயில்லியே?"

படத்தை நிறுத்தினேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாமல் நிறுத்தினேன். இருபது வருடமாகப் பெண்கள் மீதான வன்கொடுமை வழக்குகளோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைகிற எனக்கு, அந்தக் காட்சியில் அந்தப் பெண் ஒருத்தி நிற்கிறாள் என்பதே பத்து வயதில் உறைக்கவில்லை, பிறகும் உறைக்கவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே பார்வையில் உறைத்துவிட்டது.

சரி, அது சினிமா, அதுவும் பழைய சினிமா என்று விட்டுவிடலாமா? 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசிக்கொள்ள வசதியாக ஜாமீன் கொடுத்தார். அடுத்த மாதத் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இத்தகைய குற்றங்களில் சமரசத்துக்கே இடமில்லை என்று கடுமையாகச் சொன்ன பிறகுதான் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆலமரத்தடி எங்கெல்லாம் கிளை விட்டிருக்கிறது என்று பாருங்கள்.

படத்தைத் திரும்ப ஓடவிட்டேன். இப்போது பிள்ளைகள் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியவன் கேட்டான்: "அத்தை, இந்த ஊர்ல நம்ம காலனி எங்க?"

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் அவன் கேட்டது அந்தச் சொல்லை அல்ல. ஊர் இருக்கிறது, கோயில் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, மாட்டுக் கொட்டகை இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் எந்தத் திசையில் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்? படத்தில் அந்தத் திசையே கிடையாது. கொங்குக் கிராமத்தை எடுக்கிறேன் என்று வந்த கேமரா அருந்ததியர் தெருப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கவலை இறைத்த காலத்தில் சால் தைத்துக் கொடுத்தவர் யார், செத்த மாட்டை எடுத்தவர் யார், வருடக் கூலிக்குப் பண்ணையில் ஆடு மேய்த்த பையன் யார்? பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’ நாவலில் அந்தப் பையன்களைத்தான் எழுதினார். படித்திராதவர்கள் படியுங்கள். அது வந்தது 2000-இல். படம் எடுத்தவர்களும் அதே மண்ணைத்தான் பார்த்திருப்பார்கள்.

இந்த வகைப் படங்களில் நம் ஆள் ஒருவர் தலைகாட்டுவது பெரும்பாலும் தப்படித்து ஊரைக் கூட்டும்போதுதான். இடுப்பில் துண்டு, கழுத்தில் தப்பு, சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால் என்று நாலு வார்த்தை. பெயர் கிடையாது. பிறகு கூட்டத்தில் எங்கே நிற்கிறார் என்று தேடினாலும் அகப்படாது. நிஜத்தில் தண்டோராவை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். அதுவரைக்கும் அது ஊர் வழக்கம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் படங்களை எங்கள் மேல் யாரும் திணிக்கவில்லை. விரும்பித்தான் பார்த்தோம். ஏன் என்று யோசிக்காமல் படத்தை மட்டும் திட்டுவதில் பயனில்லை.

கோயம்புத்தூர் சினிமாவுக்குப் புதிய ஊர் இல்லை. ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அதுதான் பெயர். சினிமாக் கொட்டகையைப் பற்றி கா. சிவத்தம்பி சொன்ன ஒரு விஷயத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தமிழர் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் அது. அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, டிக்கெட் விலை என்பார். கோயிலுக்குள் விடாத காலத்தில், கூத்தைக்கூடத் தள்ளி நின்று பார்க்க வேண்டிய காலத்தில், காசு கொடுத்தால் மணலில் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பது சின்ன விஷயமா?

என் அப்பா அன்றிரவு பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு எங்களோடு படம் பார்த்துக்கொண்டிருந்தார். பண்ணையத்தில் இருந்தவர். ‘நாட்டாமை’யை நான்கு தடவை பார்த்தவர். "ஏனுங்கப்பா, இந்தப் படத்த அன்னிக்கு எப்பிடித்தான் பாத்தீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டிருப்பேன் போல. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏ புள்ள, கொட்டாய்க்குள்ள நம்மள எந்திரின்னு எவஞ் சொன்னான்? அதுக்குத்தான் போனது. படத்துல அவங்க என்னமோ பண்ணிட்டுப் போறாங்க."

கொட்டகைக்கு வெளியே அன்றைக்கு இருந்த டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்க்க வேண்டும். உள்ளே மூன்று மணி நேரம் அது கிடையாது. அதனால் திரையில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று எங்களுக்குக் கண்ணில் படவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்தோம், அது போதுமாக இருந்தது. அப்பாவிடம் அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் "அந்தக் காலம் அப்படி, இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது" என்று ஒரு வாதம் இருக்கிறதே, அதை நான் ஏற்கமாட்டேன். தோழர்கள் பலரும் பெருந்தன்மையாக இதைச் சொல்கிறார்கள். அந்தக் காலம் எப்படி என்பதைத் தேதி வைத்துப் பார்ப்போம்.

ஆர்.வி. உதயகுமாரின் ‘சின்ன கவுண்டர்’ 1992 பொங்கலுக்கு வந்தது. விஜயகாந்த், சுகன்யா. கடனை அடைக்கச் சுகன்யா மொய் விருந்து வைப்பதும், நாயகன் இலைக்கடியில் தாலியை மொய்யாக வைத்துவிட்டுப் போவதும் இன்றுவரை பேசப்படும் காட்சி. அதே வருடம் தீபாவளிக்குத் ‘தேவர் மகன்’. கதை தெற்கத்திச் சாதியினுடையது. எடுத்த இடமோ பொள்ளாச்சிப் பக்கம். 1993 பிப்ரவரியில் அதே உதயகுமார், ஏவி.எம். நிறுவனத்துக்காக ரஜினியை வைத்து ‘எஜமான்’. அதில் எஜமானின் காலடி மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வதைப் பற்றியே ஒரு பாட்டு உண்டு. 1994-இல் ‘நாட்டாமை’. 1995-இல் அது தெலுங்கில் ‘பெத்தராயுடு’ ஆனது. பின்னர் இந்திக்கும் கன்னடத்துக்கும் போனது. கோபியும் பொள்ளாச்சியும் படப்பிடிப்புக் குழுக்களால் நிரம்பி வழிந்த வருடங்கள் அவை. வாய்க்கால், தென்னந்தோப்பு, சாவடி, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. தமிழ்நாட்டுக் கிராமம் என்றால் கொங்கு நாட்டுப் பண்ணைவீடு என்று ஆகிப்போனது.

இதே வருடங்களில் வெளியே என்ன நடந்தது?

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் நிறைவேறி 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1991-இல் அம்பேத்கர் நூற்றாண்டு. ஊர் ஊராக மன்றங்கள் தொடங்கினோம், அவர் படம் நம் தெருக்களுக்கு வந்தது. 1992 டிசம்பரில் நாடாளுமன்றம் அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. 1993 ஏப்ரல் 24 முதல் அது சட்டம். ஊராட்சித் தலைவர் பதவி தேர்தலால் வரும்; அதில் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதத்தில் இடம்; பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம். 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதே 1994 தீபாவளிக்குத்தான் ‘நாட்டாமை’. பரம்பரையாகத் தந்தை உட்கார்ந்த இடத்தில் மகன் உட்கார்ந்து, மகனுக்குப் பிறகு அவன் தம்பி உட்காரும் கதை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1986-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபரில்தான் நடந்தது. நடுவில் பத்து வருடம் நடக்கவில்லை. ‘சின்ன கவுண்டர்’, ‘எஜமான்’, ‘நாட்டாமை’ எல்லாம் அந்த இடைவெளிக்குள் வந்தவை. ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத நாட்களில் திரையில் தீர்ப்புச் சொல்லும் தலைவர் கொடிகட்டிப் பறந்தார். யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படி எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வியாபாரம் எதை மோப்பம் பிடித்ததோ அதை எடுத்தார்கள். நாற்காலி கைமாறப் போகிறது என்ற கலக்கம் ஊரில் இருந்தது. அந்தக் கலக்கத்துக்கு ஆறுதல் விற்றது.

கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே சொல்லிவிட்டார். கிராமம் அறியாமையும் குறுகிய புத்தியும் தேங்கிய இடம், தனிமனிதனையே அடிப்படை அலகாகக் கொள்கிறோம் என்று வெளிப்படையாகப் பேசினார். அதற்காக வசையும் வாங்கினார். 1948-இல் சொல்லப்பட்டது 1994-இல் எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லையா? அதனால்தான் சொல்கிறேன், இந்தப் படங்கள் பிறகு பழசாகவில்லை. வெளியான அன்றைக்கே பழசு. எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்க முப்பது வருடம் ஆனது, அவ்வளவுதான்.

1996-க்குப் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது; தலைவராகத் தேர்வான முருகேசனும் கூட இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கிலும் 2006 வரை தேர்தலை முறையாக நடத்த முடியவில்லை. இவையெல்லாம் தெற்கு, நம் பக்கம் அமைதி என்று கோவையில் பெருமையாகச் சொல்வார்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குதிட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் நாடெங்கும் பரவியது. அதே மாதம் நம் கோவை மாவட்டத்திலும் ஒரு தலித் பெண் ஊராட்சித் தலைவர், நாற்காலியில் உட்காரக் கூடாது, பெயர்ப் பலகையில் பெயர் எழுதக் கூடாது என்று மிரட்டுகிறார்கள் எனப் புகார் கொடுத்தார். அந்த நாற்காலியைத்தான் 1994-இல் சரத்குமாருக்குப் போட்டிருந்தார்கள்.

அடுத்து, ஒதுக்கிவைத்தல். படத்தின் கதையே இதில்தான் நகர்கிறது. தங்கை குடும்பத்தை 18 வருடம் ஊர் ஒதுக்கிவைக்கிறது. பிறகு அண்ணன் தன் தம்பியையே ஒதுக்கிவைக்கிறார். தீர்ப்பு தப்பு என்று தெரிந்ததும் பாண்டியன் நெடுஞ்செழியன் மாதிரி அண்ணன் உயிர் விடுகிறார். கொட்டகையே அழுதது. நானும் அழுதேன். பத்து வயதில் எனக்குத் தோன்றாதது இது: பெரிய வீட்டுப் பிள்ளை சில வருடம் ஒதுக்கப்பட்டால் அது காவியம், ஒரு தெரு முழுக்கத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டிருந்தால் அது பின்னணிக் காட்சி. அதைக்கூடப் படம் காட்டவில்லை.

எங்கள் பக்கம் ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். கூலி உயர்த்திக் கேட்டாலோ, கோயில் தேர் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்றாலோ, காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாலோ, மறுநாள் முதல் தோட்டத்தில் வேலை கிடையாது. கடையில் அரிசி கிடையாது. பால் ஊற்ற முடியாது. ஆடு மேய்க்க வரப்பில் கால் வைக்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் தனிக் குற்றமாக 2015 திருத்தத்தில் சேர்க்கப்பட்டன. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறை. களத்தில் இருக்கும் தோழர்கள் இந்தப் பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையில் இதை விட்டுவிடுவார்கள், கேட்டுச் சேர்க்க வைக்க வேண்டும். கட்டப் பஞ்சாயத்தையே சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஆறுமுக சேர்வை வழக்கும் (2011 ஏப்ரல் 19) தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். இரட்டைக் குவளை முறையையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

ஆலமரத்தடித் தீர்ப்பு என்றதும் எனக்கு வேறொரு தீர்ப்பும் நினைவுக்கு வருகிறது. 2015 ஜூன் 23. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் ஓமலூர்க்காரரான பொறியியல் மாணவர் கோகுல்ராஜ் தன் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் பாதையில் சடலம் கிடந்தது. ஒரு தலித் பையன் யாரோடு பேசலாம் என்று முடிவு செய்யத் தங்களுக்கு அதிகாரம் இருப்பதாக ஒரு கூட்டம் நினைத்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. சினிமா பார்த்துத்தான் கொன்றார்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் அறிவிலி அல்ல. ஆனால் ஒரு சாதியின் மூத்தவர் சொன்னால் அது சட்டம், எதிர்த்துப் பேசுகிறவன் வில்லன் என்று மூன்று மணி நேரம் மேளதாளத்தோடு காட்டிய படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் நாங்களும் அவர்களும். அவர்கள் அதை ஊருக்குள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் ஒன்றுபோல எடுத்தார்கள் என்றும் சொல்லக் கூடாது. ‘நாட்டாமை’க்குப் பத்து மாதம் முன்னால், 1994 பொங்கலுக்கு ‘அமைதிப்படை’ வந்தது. சூலூர் மணிவண்ணன் இயக்கம், கோவை சத்யராஜ் நடிப்பு. கோயிலில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவன் சட்டமன்ற உறுப்பினராகி, சாதிக் கலவரத்தைத் தூண்டிப் பிழைப்பதை அது அப்பட்டமாகக் காட்டியது. அந்த அரசியல் கிண்டல் இன்றும் கூர் மழுங்கவில்லை. ஆனால் அதிலும் ஒரு பெண்ணுக்கு அல்வா கொடுத்து ஏமாற்றுவது ஊரே சிரிக்கும் சொலவடையாகிப் போனது. மகள் அதைப் பார்த்தால் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். இன்னும் போட்டுக் காட்டவில்லை.

கவுண்டமணி, செந்தில் வரும் இடங்களில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிறத்தையும் தலையையும் உடம்பையும் வைத்து அத்தனை கேலி. எட்டி உதைப்பது தனி. நானும் சிரித்தேன். உடுமலைப் பக்கத்து மனிதர் நம் பேச்சில் பேசினால் சிரிப்பு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. சிரித்துவிட்டு மகள் முகத்தைப் பார்த்தேன், அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் கவலையாகவும்.

படம் முடிந்து தூங்கப் போகாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ‘சின்ன கவுண்டர்’ பற்றிச் சொன்னேன். அதில் விஜயகாந்த் போகிற இடமெல்லாம் பின்னாலேயே ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நடப்பார். ஒல்லியாக, முகத்தில் பயமும் பணிவுமாக. அதுதான் வடிவேலு. சினிமாவுக்கு வந்த புதிது. வெயில் அவர் தலையில் விழும், நிழல் கவுண்டர் தலையில் விழும்.

"மாமன்னன் வடிவேலுவா?" என்றான் பெரியவன்.

அவரேதான். 1992-இல் குடை பிடித்தவர், 2023 ஜூனில் மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ ஆனார். சேலம் பக்கத்தில் நடக்கும் கதை. தனித்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்; வெள்ளை வேட்டி, சட்டை எல்லாம் உண்டு. ஆனால் ஆதிக்கசாதித் தலைவர் வீட்டில் உட்காரமாட்டார். நாற்காலி இருக்கும், உட்காரமாட்டார். மகன் அவரை உட்காரச் சொல்லும் இடத்தில்தான் படம் வெடிக்கிறது. அந்தப் பட விழாவில், கமல்ஹாசனை வைத்துக்கொண்டே, ‘தேவர் மகன்’ தன்னை எப்படி அலைக்கழித்தது என்று மாரி செல்வராஜ் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் வடிவேலு செய்த இசக்கி மாமன்னனாகியிருந்தால் என்பதே தன் படம் என்றார். எவ்வளவு வசவு விழுந்தது அவர்மேல்! ஒரு ரசிகன், தான் சின்ன வயதில் பார்த்த படத்தை வளர்ந்த பிறகு திரும்பப் பார்த்தான். குற்றம் அவ்வளவே. நான் கட்டிலில் உட்கார்ந்து செய்ததை அவர் படமாகச் செய்தார். அவர் இசக்கியைச் சொன்னார். கொங்குக்காரியான எனக்கு அந்தக் குடைதான் முன்னால் வந்து நிற்கிறது.

கொங்கு மண்ணை நம் தெருவிலிருந்து பார்த்த படம் வேண்டுமென்றால் ‘சேத்துமான்’ இருக்கிறது. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதையிலிருந்து தமிழ் இயக்கியது, நீலம் புரொடக்ஷன்ஸ் தயாரித்தது, 2022 மே மாதம் சோனி லிவ் தளத்தில் வந்தது. ராம்நாத் கோவிந்த் குடியரசுத் தலைவராகும் நாட்களில், கூடை முடையும் ஒரு தாத்தா பேரனைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போகிற கதை. பன்றிக்கறி தின்பதில் என்ன சாதி இருக்கிறது என்பதை நேராகப் பேசும். பெரிய கொட்டகைகளுக்கு வரவில்லை. நம் தோழர்களிலேயே பலர் பார்க்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா மறுபடி எழுந்து உட்கார்ந்தார். படத்தில் தப்படித்த ஆளைக் காட்டி, ஊர்ப் பஞ்சாயத்துக்கு எங்கள் பெரியப்பாதான் அப்படி அடித்துக்கொண்டு போவார் என்றார். ஊரைக் கூட்டிவிட்டு அவர் எங்கே நிற்பார் என்று மகள் கேட்டாள். சாவடிக்கு வெளியே, வேலியோரம் என்றார். மழை வந்தால்? மழை வந்தாலும் அங்கேதான். தீர்ப்பு அவருக்குக் கேட்குமா? சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது, காற்றைப் பொறுத்தது என்றார். பிறகு தப்பை எப்படிக் காய்ச்சுவது, எந்தத் தோல் நல்லது, சாவுக்கு ஓர் அடி, ஊர்கூட்டலுக்கு ஓர் அடி என்று கட்டில் சட்டத்தில் தட்டிக் காட்டிக்கொண்டு பதினொரு மணி வரைக்கும் பேசினார். அந்தப் பெரியப்பாவின் பெயரை மகள் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். அவரை நான் பார்த்ததில்லை. பெயரும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ‘சின்ன கவுண்டர்’ போடச் சொல்லியிருக்கிறார்கள். குடையைப் பார்க்க வேண்டுமாம்.